ஒரே நெஞ்சில் இரண்டு நோய்: ஊதிப் பார்க்காமல் மருந்து தரலாமா?

சேலம், நாமக்கல் சமவெளியில் மூச்சிரைப்போடு வருகிற ஒருவரிடம் டாக்டர் முதலில் கேட்க வேண்டியது "என்ன வேலை பாக்கறீங்க?" என்பதுதான். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர் என்றால் பஞ்சுத் தூசு. நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணையில் வேலை என்றால் எருவிலிருந்து கிளம்பும் அமோனியா நெடி, இறகுத் தூள், தீவன ஆலையில் பறக்கும் மக்காச்சோள மாவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போடுகிறவர் என்றால் கருங்கல் தூள். ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைக்காரருக்குச் சக்கை எரியும் புகை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரருக்கு அமில ஆவி. இதோடு முடிவதில்லை. தறிக்காரருக்கு இருபது வருடப் பீடிப் பழக்கம் இருக்கும். பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண் கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்பில் சமைத்தவராக இருப்பார். சிறு வயதில் ஆஸ்துமா இருந்து மறைந்திருக்கும். எப்போதோ காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, வடு மட்டும் தங்கியிருக்கும். இப்படிப்பட்ட நெஞ்சுக்குள் இருப்பது என்ன நோய் என்பதை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது, மூச்சை ஊதவைத்து அளந்த பிறகே நீண்டகால மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் மருந்திலேயே இருக்கின்றன.

மூச்சுக்குழாயை நாள்பட வாட்டும் நோய்களில் இரண்டு பெரியவை. ஒன்று ஆஸ்துமா. ஒவ்வாமையாலோ வேறு தூண்டுதலாலோ குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, வழி குறுகுகிறது. ஆனால் அது வந்து வந்து போகும். விடியற்காலையில் இழுக்கும், மதியம் சரியாகிவிடும். மருந்து அடித்தால் வழி திறந்துகொள்ளும். இன்னொன்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், டாக்டர்கள் சிஓபிடி என்று சுருக்கிச் சொல்வது. புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் அரித்ததில் சிறு குழாய்கள் தடித்து, காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, அடைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். மருந்தால் கொஞ்சம் இலகுவாகலாம், பழைய நிலை திரும்பாது. புத்தகத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். ஆனால் சிறு வயது ஆஸ்துமாவோடு தறிக்கூடத்துக்குள் நுழைந்து, பீடியும் சேர்ந்து ஐம்பதைத் தொட்டவரின் நெஞ்சில் இரண்டும் ஒன்றாகக் குடியிருக்கலாம். இந்தக் கலப்பு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நெதர்லாந்தின் ஓரி என்ற மருத்துவர் 1961லேயே இவை ஒரே வேரின் இரு கிளைகளாக இருக்கலாம் என்று வாதாடினார். ஆஸ்துமாவுக்கும் சிஓபிடிக்கும் வழிகாட்டு நெறிகள் எழுதும் இரண்டு உலக அமைப்புகளான ஜினாவும் கோல்டும் கலப்பு நோய்க்குத் தனிப்பெயர் சூட்டிக் கூட்டறிக்கை வெளியிட்டது 2014ல்.

எந்த நோயாக இருந்தால் என்ன, எப்படியும் இன்ஹேலர்தானே கொடுக்கப் போகிறார்கள் என்று தோன்றும். நியாயமான கேள்வி; முதலில் இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இன்ஹேலருக்குள் இருக்கும் மருந்துகள் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று குழாயை விரிப்பது. இன்னொன்று வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டுதான் அடித்தளம். அதில்லாமல் நீண்ட நேரம் வேலை செய்யும் விரிப்பானை மட்டும் கொடுத்தால் மூச்சு லேசாகும், உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 26,000க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்து 2006ல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்ரால் என்ற விரிப்பானைச் சேர்த்துக்கொண்டவர்களில் 13 பேர் ஆஸ்துமாவால் இறந்தனர். வெற்று மருந்து பெற்றவர்களில் 3 பேர். சிஓபிடியில் கதை தலைகீழ். அங்கே விரிப்பான்தான் முதல் மருந்து. ஸ்டீராய்டு சிலருக்கு உதவும், பலருக்குப் பயனில்லை, கூடவே நிமோனியா அபாயத்தையும் கொண்டுவரும். 2007ல் வெளியான டார்ச் ஆய்வில் சுமார் 6,100 சிஓபிடி நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஸ்டீராய்டு கலந்த மருந்து உறிஞ்சியவர்களில் நிமோனியா வந்தவர்கள் 19.6 சதவீதம், வெற்று மருந்துக்காரர்களில் 12.3 சதவீதம். ஆக, ஒரு நோய்க்கு உயிர் காக்கும் மருந்து இன்னொன்றுக்கு வீண்செலவும் ஆபத்தும் ஆகலாம். இரண்டும் கலந்தவருக்கோ ஸ்டீராய்டை விட்டுவிடவே கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2014ல் வந்த ஆய்வும் இதைச் சொன்னது: சிஓபிடிக்கு ஸ்டீராய்டு–விரிப்பான் கூட்டு மருந்து பெற்றவர்களுக்கு, விரிப்பான் மட்டும் பெற்றவர்களைவிட மரணமும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் சற்றுக் குறைவு, ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்தவர்களிடம் அந்த நன்மை இன்னும் அதிகம்.

அனுபவமுள்ள டாக்டரின் காதுக்கும் கண்ணுக்கும் இது தெரியாதா? பல நேரம் தெரியும். ஆனால் எவ்வளவு தவறுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். டாக்டரால் ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட 613 பேரைக் கனடாவில் முறையாக மறுபடி சோதித்து, மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்ததில், 203 பேருக்கு அப்போது ஆஸ்துமாவே இல்லை. 2017ல் வெளியான இந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஆரம்பத்தில் ஊதவைத்துப் பார்க்காமல் ஆஸ்துமா என்று எழுதப்பட்டவர்களிடம்தான் இந்தத் தவறு அதிகம். வசதி நிறைந்த நாட்டில் மூன்றில் ஒருவர் என்றால், ஒரு காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும் நம் டாக்டரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவர் கையில் கருவியைக் கொடுக்க வேண்டும்.

காது தவறுவதற்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. சிஓபிடி என்றால் புகைபிடிக்கிற ஆண்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் ஆழமாக இருக்கிறது. புனேயின் சந்தீப் சால்வியும் லண்டனின் பீட்டர் பார்ன்ஸும் 2009ல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, உலகின் சிஓபிடி நோயாளிகளில் 25 முதல் 45 சதவீதம் பேர் வாழ்நாளில் புகைபிடிக்காதவர்கள் என்று கணக்கிட்டது. விறகு, சாணி வறட்டிப் புகை, தொழிற்கூடத் தூசு, பழைய காசநோய், சரியாகக் கவனிக்கப்படாத ஆஸ்துமா ஆகியவையே அவர்களுக்குக் காரணங்கள். இந்தச் சமவெளியின் தொழில் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டுரை நமக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். தமிழ்நாட்டிலேயே திருவள்ளூர் மாவட்டத்து 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011ல் வெளியான ஆய்வில் சிஓபிடி 2.44 சதவீதம் பேருக்கு இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்கும் பெண்களிடம் 3 சதவீதம். விறகுக்கும் கேஸுக்கும் இடையிலான வித்தியாசம் அந்த ஆய்வில் புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்று தெளிவு. சளி, வயசாச்சு, ரத்தம் இல்லை என்று அனுப்பிவைக்கப்படும் பெண்களில் சிலருக்கு ஊதினால் தெரியக்கூடிய நோய் இருக்கிறது. நாட்டளவில் கணக்கு பெரிது. 2016ல் இந்தியாவில் சிஓபிடி 5.53 கோடிப் பேருக்கு, ஆஸ்துமா 3.79 கோடிப் பேருக்கு இருந்ததாக மதிப்பீடு. உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் கொண்ட நாடு, நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் அந்த ஆண்டு இழந்த ஆரோக்கிய ஆண்டுகளில் 32 சதவீதத்தைச் சுமந்தது.

ஊதும் சோதனைகளில் மூத்தது ஸ்பைரோமெட்ரி. 1846ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தண்ணீரில் மிதக்கும் உருளையை வைத்து அளந்ததை இன்று உள்ளங்கை அளவுக் கருவி செய்கிறது. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாய்க்குழலைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்கி மூடச் சொல்வார்கள். "நல்லா இழுங்க, இன்னும் இழுங்க... இப்ப ஒரே வேகமா ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விட்றாதீங்க" என்று டெக்னீசியன் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருப்பார், அந்தக் கத்தல்தான் சோதனையின் பாதி உயிர். ஆறு நொடிக்காவது மூச்சு வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். சரியான மூன்று ஊதல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப. பிறகு சால்பியூட்டமால் நான்கு பஃப், பதினைந்து நிமிடம் காத்திருப்பு, மறுபடி ஊதல். கருவி இரண்டு முக்கிய எண்களைத் தரும். முழுதாக ஊதிய காற்று எவ்வளவு, அதில் முதல் ஒரு நொடியில் வந்தது எவ்வளவு. மருந்துக்குப் பிறகும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்திருக்கிறது என்று பொருள். முதல் நொடிக் காற்று மருந்துக்குப் பிறகு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் அடைப்பு திறக்கக்கூடியது என்பது நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கற்பனையான தறித் தொழிலாளி ஒருவர், வயது 52. மருந்துக்கு முன் மொத்தம் 2.20 லிட்டர், முதல் நொடியில் 1.20. விகிதம் 0.55, அடைப்பு இருக்கிறது. மருந்துக்குப் பின் மொத்தம் 2.40, முதல் நொடியில் 1.45. கூடியது 250 மில்லி, ஏறத்தாழ 21 சதவீதம். நல்ல திறப்பு, ஆஸ்துமா என்று சொல்லத் தோன்றும். ஆனால் விகிதம் 0.60தான், 0.70ஐத் தொடவில்லை, அந்த வகையில் சிஓபிடி. ஒரே தாளில் இரண்டு நோயின் கையெழுத்தும் இருக்கிறது. இங்கேதான் ஸ்பைரோமெட்ரி தன் எல்லையைத் தொடுகிறது. ஏனென்றால் இப்படித் திறப்பது ஆஸ்துமாவுக்கே உரிய குணம் அல்ல. அப்லிஃப்ட் என்ற பெரிய சிஓபிடி ஆய்வில் சேர்ந்தவர்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு விரிப்பான் மருந்துகளால் அந்த 12 சதவீத, 200 மில்லித் திறப்பு இருந்தது. காற்று எப்படிப் பாய்கிறது என்பதை ஸ்பைரோமீட்டர் சொல்லும். குழாயின் சுவரில் என்ன வகை வீக்கம் என்பதை அதால் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு வேண்டுமா என்ற கேள்விக்கு விடை அந்த வீக்கத்தில் இருக்கிறது.

அதைச் சொல்லவந்த சோதனைதான் ஃபெனோ. வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு வாயு எவ்வளவு என்று அளப்பது. நெடுஞ்சாலையில் போலீஸ் நீட்டும் கருவியில் ஊதிப் பழகிய நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: அது மூச்சில் சாராயத்தைத் தேடுவதுபோல, இது மூச்சில் வீக்கத்தின் வாடையைத் தேடுகிறது. மனித மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது என்று 1991ல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதல் என்று அடுத்த இரண்டு ஆண்டில் தெரிந்தது. காரணம் இதுதான். ஒவ்வாமை வகை வீக்கத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மூச்சுக்குழாயில் கூடும்போது, அதே ரசாயனத் தூண்டலில் குழாயின் உட்தோல் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை அதிகமாக உண்டாக்குகின்றன. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை ஆற்றினால் வாயுவின் அளவும் இறங்கும். புகையால் வரும் சாதாரண சிஓபிடியில் பெரும்பாலும் வேறு வெள்ளணுக்கள், வேறு வகை வீக்கம். அதில் ஃபெனோ அவ்வளவாக ஏறாது. ஊதும் முறையும் வேறு. இங்கே வேகம் கூடாது. ஆழமாக இழுத்து, பத்து நொடி, ஒரே சீராக, மெதுவாக விட வேண்டும்; கருவியின் திரையைப் பார்த்தபடி வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அளவு நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2011ல் தந்த வரம்பின்படி, பெரியவர்களுக்கு 25க்குக் கீழே இருந்தால் ஸ்டீராய்டு பலனளிக்கும் வாய்ப்பு குறைவு, 50க்கு மேல் என்றால் அதிகம். இடைப்பட்டதை மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நம் கற்பனைத் தறிக்காரருக்கு 58 வந்தால், சிஓபிடி என்ற பெயர் தாளில் இருந்தாலும் ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் துணிந்து முடிவெடுக்கலாம். 18 வந்தால், விரிப்பான்களை முன்னிறுத்திவிட்டு ஸ்டீராய்டைப் பற்றி யோசிக்கலாம். பிரிட்டன் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், அறிகுறிகள் பொருந்தும் பெரியவருக்கு ஃபெனோ 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஆஸ்துமா என்று உறுதிசெய்யலாம் என்கிறது.

ஃபெனோவைப் பற்றிய எதிர்வாதங்களில் வலுவானது, அதை ஏமாற்றுகிற சங்கதிகள் ஏராளம் என்பது. உண்மைதான். பீடி பிடிப்பவரின் அளவு இறங்கிக் காட்டும். ஆக, கலப்பு நோய் அதிகம் எதிர்பார்க்கப்படும் ஆட்களிடமே கருவி தடுமாறுகிறது. மூக்கொவ்வாமை இருந்தால் ஏறிக் காட்டும். கீரை, பீட்ரூட் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஏறும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவரிடம் இறங்கியிருக்கும். ஊசி போட்டுக்கொண்டும், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டும் இழுத்துப் பிடித்து வருகிறவர்கள் உள்ள ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் தெரிந்த குறைகள், எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதும் தெரியும். பீடி பிடிப்பவருக்கு 20 வந்தால் அதை நம்பி ஆஸ்துமா இல்லை என்று சொல்லக் கூடாது. அதே ஆளுக்கு 55 வந்தால் அந்த எண்ணுக்கு எடை கூடுகிறது, இறக்கிக் காட்டும் புகையையும் மீறி அல்லவா ஏறியிருக்கிறது. தனியாக நின்று தீர்ப்புச் சொல்லும் சோதனையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பைரோமெட்ரித் தாளுக்கும் நோயாளியின் கதைக்கும் பக்கத்தில் வைத்தால் ஃபெனோவின் மதிப்பு தெரியும்.

அப்படியானால் ஃபெனோவுக்குப் பதில் ரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கை பார்த்தால் போதாதா, எந்த லேபிலும் குறைந்த காசில் முடியுமே என்பார்கள். நல்ல யோசனை, நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். சிஓபிடியில் இந்த எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டருக்கு 300க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பயன்படும் வாய்ப்பு அதிகம் என்று கோல்டு நெறிமுறையே சொல்கிறது. ஃபெனோ கருவி இல்லாத தாலுகா ஆஸ்பத்திரியில் இதுவே முதல் துணை. ஆனால் குடற்புழு இருந்தாலும் இயோசினோஃபில் ஏறும் என்பதை நம் நாட்டில் மறக்க முடியாது. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உடல் காட்டும் மிகை எதிர்ப்பால் இரவில் இருமலும் இழுப்பும் வரும் ஒரு நோய் உண்டு. ஆஸ்துமா போலவே இருக்கும், இயோசினோஃபில் ஆயிரக்கணக்கில் ஏறும். இந்தியாவில் பணியாற்றிய வெய்ன்கார்ட்டன் என்ற மருத்துவர் 1943ல் விவரித்த அந்த நோய்க்கு மருந்து இன்ஹேலர் அல்ல, புழு மருந்து. ரத்த எண்ணிக்கையையும் ஃபெனோ போலவே ஏற்கும் பிரிட்டன் நெறிமுறையை அப்படியே எடுத்துக்கொண்டு, அது ஒன்றை வைத்து ஆஸ்துமா என்று எழுதிவிட நமக்கு வழியில்லை.

இன்னொரு எதிர்வாதம் நிபுணர்களிடமிருந்தே வருகிறது. கலப்பு நோய் என்ற பெயரைக் கோல்டு அமைப்பு 2020லேயே கைவிட்டுவிட்டது. ஆஸ்துமாவும் சிஓபிடியும் வேறு வேறு நோய்கள், சில குணங்களைப் பகிர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான் என்கிறது. இல்லாத பெயருக்கு எதற்குச் சோதனை? எனக்கு இது எதிர்வாதமாகவே படவில்லை. பெயரைக் கைவிட்டவர்கள், ஆஸ்துமாக் குணம் தெரிந்தால் ஸ்டீராய்டு கட்டாயம் என்பதைக் கைவிடவில்லை. பெயர் போனதால் அளவைக்குத்தான் மரியாதை கூடியிருக்கிறது. நிலைத்த அடைப்பு எவ்வளவு, திறக்கக்கூடியது எவ்வளவு, ஸ்டீராய்டுக்கு ஆறும் வீக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் மருந்து தருவது என்ற பார்வை 2016க்குப் பிறகு வலுப்பெற்று வருகிறது. அப்படிப் பார்க்கும்போது நோயாளியின் சீட்டில் எந்த முத்திரை குத்துவது என்ற சண்டை தேவைப்படாது.

செலவும் ஆளும் எங்கே என்ற கேள்விதான் கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. ஃபெனோ கருவிக்கு உணரியும் வாய்க்குழலும் அடிக்கடி மாற்ற வேண்டும். அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் காலம் இது அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அது இருந்தால் போதும். ஸ்பைரோமெட்ரி அப்படி இல்லை. அது வட்டார அளவுக்கு இறங்கியாக வேண்டும். மின்சாரமோ பெரிய அறையோ வேண்டாம். வேண்டியது, கத்தி ஊதவைக்கப் பயிற்சி பெற்ற ஒருவர். தவறாக ஊதிய தாள் இல்லாத நோயையும் காட்டும். அதனால் கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கு பயிற்சிக்கு என்று முதலிலேயே ஒதுக்காத திட்டம் அலமாரிக்குள் தூங்கும் கருவிகளில்தான் முடியும். சளியோடு இருமுகிறவரை ஊதவைத்தால் காசநோய் பரவாதா என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. முதலில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகே ஊதல். ஒவ்வொருவருக்கும் புதிய வடிகட்டி, ஜன்னல் திறந்த அறை. எக்ஸ்ரே எப்படியும் வேண்டும். ரிக் தொழிலாளியின் நுரையீரலில் கல் தூள் படிந்த நோயையும், காசநோய் விட்டுப்போன வடுவையும் ஊதல் மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்காது. கோழிப்பண்ணைக்காரருக்குச் சில சமயம் விகிதம் சரியாக இருந்து மொத்தக் காற்று மட்டும் குறைந்திருக்கும். அது வேறு வகை நுரையீரல் ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய கேஸ்.

இவற்றைவிட மலிவான ஒன்று உண்டு, அதை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற பிளாஸ்டிக் குழாய். 1959ல் இங்கிலாந்தின் மார்ட்டின் ரைட் உருவாக்கிய கருவியின் எளிய வாரிசு. காலையும் மாலையும் ஊதி, முள் நிற்கும் எண்ணை நோட்டில் எழுதினால் போதும், இரண்டு வாரத்துக்கு. ஆஸ்துமா என்றால் எண் ஏறி இறங்கும். சிஓபிடி மட்டும் என்றால் தாழ்வாக, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். தறிக்கூடத்துக்குப் போகும் நாளில் இறங்கி, வார விடுமுறையில் ஏறினால் வேலையிடத்துத் தூசுதான் காரணம் என்று நோயாளியே தன் கையெழுத்தில் சாட்சி எழுதியதாகிவிடும். பஞ்சுத் தூசு நோயில் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் கூடும் என்பது நூற்பாலை மருத்துவத்தில் பழைய அனுபவம்; அதையும் இந்த நோட்டு பிடித்துவிடும்.

மின்னணு மூக்கு என்றொரு கருவியைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. மூச்சில் கலந்திருக்கும் நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்களை ஒட்டுமொத்தமாக முகர்ந்து, கணினியால் வகை பிரிப்பது. வேதியியல் மேதை லைனஸ் பாலிங் 1971ல் மனித மூச்சில் சுமார் 250 பொருள்களைக் கண்டதிலிருந்து வளர்ந்த துறை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2009ல் 30 சிஓபிடி, 20 ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சை வைத்து 96 சதவீதத் துல்லியத்தோடு பிரித்துக் காட்டினார்கள். கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் அதில் இருந்தவர்கள் தெளிவாக ஒரு நோய் மட்டும் உள்ளவர்கள், எண்ணிக்கையும் ஐம்பதுதான். நமக்குத் தேவை கலந்து கிடப்பதைப் பிரிப்பது. விறகுப் புகையும் அமோனியாவும் பஞ்சும் ஏறிய மூச்சை அந்தக் கணினிக்கு யாராவது கற்றுக்கொடுத்த பிறகே அதன் சொல்லை இங்கே நம்பலாம். அதுவரை காத்திருக்காமல் ஸ்பைரோமெட்ரியை ஊருக்குள் கொண்டுவருவதுதான் சரியான வரிசை.

பலன் இருக்கும் என்பதற்குச் சான்று இப்போது கையில் உண்டு. கனடாவில் 38,000க்கும் மேற்பட்டவர்களிடம் மூச்சுத் தொந்தரவு பற்றிக் கேள்வி கேட்டு, சந்தேகம் உள்ளவர்களை ஊதவைத்து, அதுவரை கண்டுபிடிக்கப்படாத ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் 508 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நெஞ்சக நிபுணரின் சிகிச்சையும் மற்றதற்கு வழக்கமான கவனிப்பும் தந்தார்கள். 2024ல் வெளியான முடிவின்படி, மூச்சுத் தொந்தரவுக்காக ஆஸ்பத்திரிப் படியேறுவது முதல் குழுவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் 2023 நெறிமுறையில் சிஓபிடியும் ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கின்றன. அப்படி வீட்டுக்கு வரும் தன்னார்வலரே இன்னும் நான்கு கேள்வி கேட்டால் போதும்: இருமல் எத்தனை மாதமாக, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, ராத்திரியில் இழுக்கிறதா, என்ன வேலை. பள்ளிபாளையத்திலும் எருமப்பட்டியிலும் ஆத்தூரிலும் வாரத்தில் ஒரு நாள் ஊதல் நாள் என்று வைத்து, தறிக்கும் பண்ணைக்கும் ஷிப்டு முடிகிற நேரத்தில் நடத்த வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து யாரும் வரமாட்டார்கள்.

சோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெனோவும் ஸ்பைரோமெட்ரியும் ஒரே நாளில் என்றால் ஃபெனோவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வேகமாக ஊதிய பிறகு அந்த அளவு மாறிவிடும். ஃபெனோவுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, சாப்பாடு, பீடி எதுவும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஸ்பைரோமெட்ரிக்குப் போகாதீர்கள். இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு திணறினால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், மருந்தை எடுத்துவிடுங்கள். சமீபத்தில் மாரடைப்போ கண் ஆபரேஷனோ ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்துவரும் மாத்திரை பாக்கெட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று காட்டிக் கேளுங்கள். பல கருவிகளில் முடிவு பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தாளில் அச்சாகி வரும். சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து மருத்துவ ஃபைலில் வைத்துவிட்டால், அடுத்த வருடம் ஊதும்போது முதல் நொடிக் காற்று எத்தனை மில்லி குறைந்திருக்கிறது என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.